தடுப்பூசி போட்டும் குட்டிகள் சாவது ஏன்?

கேள்வி: 18 தாய்ப்பன்றிகள் வைத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் ஸ்வைன் ஃபீவர் (பன்றிக் காய்ச்சல்) தடுப்பூசி போட்டும் சித்திரையில் 23 குட்டிகள் செத்தன. இப்போது ஐப்பசியில் மறுபடி அதே காய்ச்சல், கழிச்சல், காது நீலம். பெரியவை தப்பித்தன. வைரஸ் உருமாறிவிட்டது, மரபணு வரிசை பார்த்து வேறு ஊசி போட வேண்டும் என்கிறார் மருந்துக் கடைக்காரர். பார்க்கலாமா?
- ஒரு வாசகர், தர்மபுரி மாவட்டம்

பதில்: பாருங்கள், ஆனால் அவர் சொல்லும் காரணத்துக்காக அல்ல. ஸ்வைன் ஃபீவர் வைரஸில் மரபு வகைகள் பல உண்டு. ஒழுங்காகப் போட்ட உயிர்த் தடுப்பூசி (வலுவிழந்த வைரஸே உள்ள ஊசி) எல்லாவற்றையும் தடுக்கும். ஊசி கேட்காமல் போவது பெரும்பாலும் ஐஸ் இல்லாத பையில் வெயிலில் வந்ததால், அல்லது தாய்ப்பால் வழி வந்த எதிர்ப்புச் சக்தி குறையுமுன் குட்டிக்குப் போட்டதால். அவர் கடையில் கரன்ட் போனால் ஃபிரிட்ஜ் என்னாகிறது என்று கேட்டீர்களா?

முதலில் பிசிஆர் (வைரஸின் மரபணுவைத் தேடும்) பரிசோதனையில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இல்லை என்று உறுதி செய்யுங்கள். பெயர்தான் ஒத்துப்போகும், வைரஸ் வேறு; 2022-ல் வயநாட்டுக்கு வந்த நோய் அது. இந்த ஊசி அதற்குத் துளியும் உதவாது.

சரி, மரபணு வரிசை, அதாவது வைரஸின் மரபணுவில் வேதி எழுத்துகள் நிற்கும் ஒழுங்கு, எதற்கு? வைரஸின் முகவரி பார்க்க. 1997-ல் நெதர்லாந்தில் 429 பண்ணைகளில் ஸ்வைன் ஃபீவர் பரவியபோது, அந்த வைரஸும் ஜெர்மனியின் பாடர்போர்ன் பகுதி வைரஸும் ஒன்றே என்று வரிசைதான் காட்டிக்கொடுத்தது. அங்கிருந்து சரியாகக் கழுவாமல் திரும்பிய லாரி மேல் சந்தேகம் விழுந்தது. உங்களுக்கும் அதே கணக்குதான். சித்திரையில் எடுத்த மாதிரி ஆய்வகத்தில் இருந்தால் ஐப்பசியில் எடுக்கும் மாதிரியோடு ஒப்பிடச் சொல்லுங்கள். வேறு வைரஸ் என்றால் ஓட்டை உங்கள் கேட்டில்: வாங்கிய குட்டி, வியாபாரி வண்டி, வேகவைக்காத ஹோட்டல் கழிவு. கிட்டத்தட்ட அதே வைரஸ் என்றால், பெரும்பாலும் அது பண்ணையை விட்டு வெளியே போகவே இல்லை. 150 எழுத்து மட்டும் படிக்கும் மலிவான சோதனை இதற்குப் போதாது. வைரஸின் மேலுறைப் புரதத்துக்கான, 1119 எழுத்துள்ள இ2 மரபணுவை முழுதாகப் படிக்க வேண்டும்.

எனக்கென்னவோ உள்ளேயேதான் இருக்கிறது என்று படுகிறது. பண்ணையில் சவலைக் குட்டி எத்தனை? நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான். தாய் நடுச்சினையில் நோய் கண்டால், அவள் லேசாக இருமக்கூட மாட்டாள். குட்டிகள் வைரஸோடு பிறக்கும். பார்வைக்கு நன்றாகவே இருக்கும், மாதக்கணக்கில் வைரஸைக் கொட்டும், அப்புறம் தேறாமல் சாகும். அவற்றின் உடல் அந்த வைரஸை அந்நியமாகவே பார்க்காது, அதனால் எதிர்ப்புச் சக்திச் சோதனையில் சிக்காது. வைரஸையே தேடும் பிசிஆர்தான் பிடிக்கும். "பாவம், தேறிவிடும்" என்று சவலையைப் பால் ஊற்றி வளர்ப்பவரையும், அதையே அரை விலைக்குப் பக்கத்துப் பண்ணைக்குத் தள்ளும் வியாபாரியையும் பார்த்து அலுத்துவிட்டேன். வரிசை எத்தனை முறை எடுத்தாலும், அந்தக் குட்டி கொட்டிலில் நிற்கும்வரை அதே பதில்தான் வரும்.

செத்த பன்றியை நீங்களே அறுக்காதீர்கள். அரசு கால்நடை மருத்துவர் வந்து டான்சில், மண்ணீரல் எடுத்து ஐஸில் அனுப்பட்டும். சவலைகளின் ரத்தத்தையும் அதே பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள்.