அரசியல் வாழ்க்கை வரலாற்றுப் படம் என்றால் என்ன? அது ஏன் மூடிய அறைகளையே காட்டுகிறது?

ஆட்சியிலோ அரசியலிலோ இருந்த ஒருவரின் வாழ்க்கையை நடிகர்களைக் கொண்டு சொல்லும் கதைப்படம் அது. உதாரணத்துக்கு, 2003இல் அமெரிக்கா ஈராக்கின் மீது போர் தொடுத்தபோது அந்நாட்டின் உப ஜனாதிபதியாக இருந்தவர் டிக் செனி. அங்கே பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாக உலகுக்கு உறுதியாகச் சொல்லப்பட்டது. பின்னர் தேடியபோது அத்தகைய ஆயுதக் களஞ்சியம் எதுவும் கிடைக்கவில்லை. முடிவெடுத்த அறைக்கும் மக்கள் கேட்ட பேச்சுக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியே இவ்வகைப் படங்கள் பலவற்றின் கரு.

சிறுபோக நெற்செய்கைக்கு இரணைமடுக் குளத்தில் தண்ணீர் திறப்பதைக் கமக்காரரும் இருக்கும் கூட்டத்தில் பேசித் தீர்மானிப்பார்கள். அதையே நாலு பேர் கதவடைத்து முடிவு செய்துவிட்டு, வெளியே வேறு காரணம் சொன்னால் எப்படியிருக்கும்? போரை உடலில் சுமந்த வன்னி மக்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

படத்தில் வரும் உரையாடல்கள் அப்படியே பதிவானவை என்று பலர் நம்புகிறார்கள். ஆண்டும் சம்பவமும் ஆவணங்களிலிருந்து வந்திருக்கலாம், ஆனால் மூடிய அறைப் பேச்சின் பெரும்பகுதி திரைக்கதையாசிரியர் ஊகித்து எழுதியதே.