படகின் தடமும் ஆய்வுக் கட்டுரையும்: செக்யூரிட்டி மாநாட்டுக்கு அனுப்பும் முன்

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினித் துறை உதவிப் பேராசிரியையாக இருக்கிறேன். பகுதி நேரமாகப் பிஎச்.டி.யும் செய்கிறேன். டிரான்ஸ்பாண்டர் (படகின் இருப்பிடத்தைக் கரைக்கு அனுப்பும் கருவி), ஜிபிஎஸ், போன் செயலி இவையெல்லாம் தங்கள் இருப்பிடத்தை வெளியே சொல்வதைப் பற்றி மீனவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது என் ஆய்வு. பாம்பன், மண்டபம், தொண்டி பக்கம் 24 பேரிடம் பேட்டி எடுத்திருக்கிறேன். ஆறு படகுகளின் ஜிபிஎஸ் பதிவையும் உரிமையாளர்கள் கொடுத்தார்கள். ஒரு செயலியில் பாதுகாப்புக் குறை ஒன்றும் கண்ணில் பட்டது. இதைப் பெரிய கணினிப் பாதுகாப்பு மாநாட்டுக்கு அனுப்ப முடியுமா ஐயா? பணம் கட்ட வேண்டுமா? பெயரை மறைக்கச் சொல்கிறார்கள். ஊரையே மறைத்தால் கட்டுரையில் என்ன மிஞ்சும்? எங்கள் கல்லூரியில் இப்படிப்பட்ட ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவும் கிடையாது.

பதில்: முடியும். நல்ல ஆய்வு, தாராளமாக அனுப்பலாம். ஆனால் எந்த மாநாடு, எத்தனை பக்கம் என்பதற்கெல்லாம் முன்னால் அந்த ஆறு ஜிபிஎஸ் பதிவுகளைப் பற்றிப் பேச வேண்டும். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அதுதான்.

சென்னையில் ஒரு டாக்ஸி போன தடமும் பாக் விரிகுடாவில் ஒரு விசைப்படகு போன தடமும் ஒன்றல்ல. 1974 ஒப்பந்தத்தில் வரைந்த இந்தியா–இலங்கை எல்லைக்கோடு அந்தக் கடலுக்குள் ஓடுகிறது. உங்கள் வரைபடத்தில் ஒரே ஒரு புள்ளி அந்தக் கோட்டுக்கு அப்பால் விழுந்தாலும், அது ஒருவர் மேல் வழக்குப் போட உதவும் சாட்சியமாகிவிடலாம். இன்னொன்றும் இருக்கிறது. ஜிபிஎஸ் பெட்டியில் சேமித்து வைத்திருக்கும் புள்ளிகளில் பல, மீன் கிடைக்கும் பார்கள், அதாவது கடலடிப் பாறைத் திட்டுகள். ஒருவர் பத்து வருடம் கடலில் அலைந்து கண்டுபிடித்த பார் அவருடைய சொத்து. பக்கத்துப் படகுக்காரருக்கே காட்டாததை உலகம் முழுக்கப் படிக்கும் கட்டுரையில் படமாகப் போடக் கூடாது.

பெயரையும் படகு எண்ணையும் எடுத்துவிட்டேனே என்று நீங்கள் சொல்லலாம். அது போதாது. 2013-இல் வெளிவந்த ஒரு ஆய்வில் 15 லட்சம் பேரின் செல்போன் இருப்பிடப் பதிவுகளைப் பெயரில்லாமல் எடுத்துப் பார்த்தார்கள். நேரமும் இடமும் சேர்ந்த நான்கே புள்ளிகள் கையில் இருந்தால், அவர்களில் 95 சதவீதம் பேரைத் தனித்தனியாகப் பிரித்துவிட முடிந்தது. 15 லட்சம் பேர் கூட்டத்திலேயே இப்படி என்றால், எந்தப் படகு என்றைக்கு டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போனது என்று கரையில் எல்லோருக்கும் தெரிந்த ஊரில், ஆறு படகுகள் எம்மாத்திரம்?

ஆகவே என் ஆலோசனை, வரைபடம் வேண்டாம். தடத்தில் இருந்து உங்கள் வாதத்துக்குத் தேவையானதை மட்டும் கணக்காக எடுத்துக்கொள்ளுங்கள். டிரான்ஸ்பாண்டர் எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை இருப்பிடத்தை அனுப்புகிறது, எவ்வளவு துல்லியமாக அனுப்புகிறது என்பதை எழுதலாம். எங்கே என்பது வேண்டியதில்லை. அந்தப் பதிவு இல்லாமலே கட்டுரை நிற்கும் என்றால் அதை முழுதாக விட்டுவிடுவது இன்னும் நல்லது. தரவை எல்லோருக்கும் திறந்து வைக்க வேண்டும் என்று யூசெனிக்ஸ் செக்யூரிட்டி போன்ற மாநாடுகள் இப்போது எதிர்பார்க்கின்றன. பயந்துவிடாதீர்கள். ஏன் கொடுக்க முடியாது என்று காரணத்தோடு எழுதவும் அங்கே இடம் உண்டு. உங்களிடம் இருப்பதோ மிகச் சரியான காரணம்.

பதிவைக் கொடுத்தது யார் என்பதையும் யோசியுங்கள். சம்மாட்டி, அதாவது படகு உரிமையாளர், கொடுத்தார். படகில் போனது டிரைவரும் கூலி மீனவர்களும். அவர்களிடம் கேட்டீர்களா? பேட்டிகளிலும் இதே சிக்கல் வரும். சங்கத் தலைவர் சம்மதம் சொன்னால் சங்கமே சம்மதித்ததாக ஆகாது. சம்மாட்டி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கூலிக்குப் போகிறவர் டிரான்ஸ்பாண்டரை அணைத்து வைப்பதைப் பற்றி வாய் திறக்க மாட்டார். இப்படி எடுத்த பேட்டிகள் எவை என்று குறித்து, முடிந்தால் அவர்களைத் தனியாகப் பார்த்து மறுபடி பேசுங்கள். எழுத்தில் கையெழுத்து வாங்குவதைவிட, என்ன கேட்கப் போகிறோம், எப்போது வேண்டுமானாலும் விலகலாம், பதிவை எப்போது அழிப்போம் என்று பேச்சுத் தமிழில் சொல்லி, வாய்மொழிச் சம்மதம் வாங்குவது இங்கே பொருத்தம். கையெழுத்துத் தாளே அவர் பேட்டி கொடுத்ததற்கு ஆதாரமாகிவிடும் அல்லவா?

நெறிமுறைக் குழு இல்லாதது பெரிய தடை இல்லை. பாதிப் பொறியியல் கல்லூரிகளின் நிலைமை இதுதான் என்று நினைக்கிறேன். குழு உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் இணை ஆய்வாளர் கிடைத்தால் அவர் வழியாக அனுமதி பெறலாம். ஆனால் பேட்டி முடிந்த பிறகு பின்தேதியிட்டு ஒரு கடிதம் தயாரிக்கும் வேலை மட்டும் கூடவே கூடாது. குழு இல்லை, அதனால் இன்ன இன்ன காப்புகளை நாங்களே வைத்துக்கொண்டோம் என்று நேராக எழுதுங்கள். கணினி ஆய்வுக்கென்றே 2012-இல் வந்த மென்லோ அறிக்கை நான்கு அளவுகோல்களைச் சொல்கிறது. மனிதருக்கு மரியாதை, நன்மையும் தீமையும் சீர்தூக்குவது, நியாயம், சட்டத்தையும் பொதுநலனையும் மதிப்பது. இந்த நான்கின் கீழும் நீங்கள் செய்ததை எழுதினால், வெறும் அனுமதி எண்ணைவிட அது கனமாக நிற்கும்.

சரி, எந்த மாநாடு? இந்தத் துறையில் எல்லோரும் முதலில் சொல்வது நான்கு. 1980-இல் தொடங்கிய ஐஇஇஇ செக்யூரிட்டி அண்ட் பிரைவசி, யூசெனிக்ஸ் செக்யூரிட்டி, ஏசிஎம் சிசிஎஸ், என்டிஎஸ்எஸ். நான்கிலும் போட்டி கடுமை. உங்கள் கட்டுரைக்கு நான் அங்கே போகச் சொல்ல மாட்டேன். தரம் குறைவு என்பதால் இல்லை, உங்களைச் சரியாகப் படிக்கக் கூடியவர்கள் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறார்கள். ஒன்று சூப்ஸ், மனிதர்கள் பாதுகாப்பையும் அந்தரங்கத்தையும் எப்படிக் கையாள்கிறார்கள் என்பதற்கென்றே உள்ள மாநாடு. இன்னொன்று பெட்ஸ், அந்தரங்கக் காப்புத் தொழில்நுட்பத்துக்கானது. அதன் கட்டுரைகள் ஆய்விதழ் போல வெளிவருகின்றன, ஆண்டுக்கு நான்கு கெடுக்கள். தேறும், தேறாது என்று இரண்டே பதில் சொல்லாமல், திருத்தி மறுபடி கொடு என்று சொல்லவும் அங்கே வழி உண்டு. முதல் முறை எழுதுகிறவருக்கு அது பெரிய வரம். நான் பெட்ஸையே சொல்வேன்.

கட்டுரையை எழுதும்போது, அதை மதிப்பிடும் ரிவ்யூவர் மனதில் ஓடும் கேள்வி ஒன்றுதான்: ராமநாதபுரத்து மீனவர் விஷயம் எனக்கு எதற்கு? அதற்கு முதல் பக்கத்திலேயே பதில் இருக்க வேண்டும். உங்களிடம் அது இருக்கிறது. புயலில் உயிரைக் காப்பாற்றுகிற அதே சமிக்ஞை, அமைதியான நாளில் ஒருவருக்கு எதிரான சாட்சியமாக மாறுகிறது. அணைத்து வைத்தால் ஆபத்து, போட்டு வைத்தாலும் ஆபத்து. இந்தச் சிக்கல் கடலில் மட்டும் இல்லை, இருப்பிடம் சொல்லும் கருவியைக் கட்டாயத்தின் பேரில் சுமக்கிற எல்லோருக்கும் உண்டு. இதுதான் உங்கள் கட்டுரையின் முதுகெலும்பு.

அதோடு திரெட் மாடலைத் தெளிவாக எழுதுங்கள். எதை, யாரிடமிருந்து மறைக்கிறார்கள்? பாரைப் பக்கத்துப் படகிடமிருந்தா, பாதையை மீன்வளத் துறையிடமிருந்தா, எல்லை தாண்டியதை இரண்டு நாட்டுக் கடற்படைகளிடமிருந்தா, பிடித்த அளவை ஏலக்காரரிடமிருந்தா? ஒவ்வொன்றுக்கும் காப்பு வேறு. விசைப்படகுக்காரர் பயமும் நாட்டுப்படகுக்காரர் பயமும்கூட ஒன்றாக இருக்காது. இதைப் பிரிக்காமல் பொதுவாக அந்தரங்கம் என்று எழுதினால் கட்டுரை அங்கேயே சாய்ந்துவிடும்.

அப்புறம் மொழி. பேட்டியில் எந்தச் சொல்லால் கேட்டீர்கள்? தனியுரிமை என்று கேட்டால் கரையில் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள், அல்லது உங்களுக்குப் பிடித்த பதிலைச் சொல்வார்கள். 'நம்ம எடத்தக் காட்டிக் கொடுக்குது' என்று ஒருவர் சொன்னால், அதில் காட்டிக் கொடுப்பது என்பதற்குள் துரோகம் என்ற பொருளும் இருக்கிறது. அதை ஆங்கிலத்தில் வெறுமனே இருப்பிடப் பகிர்வு என்று எழுதினால் அவர் சொன்னதில் பாதி போய்விட்டது. கேட்ட கேள்வியின் தமிழ் வடிவத்தைப் பிற்சேர்க்கையில் வையுங்கள். மொழிபெயர்த்தது யார், சந்தேகம் வந்த இடங்களில் எப்படி முடிவு செய்தீர்கள் என்றும் எழுதுங்கள். 24 பேரை வைத்துக்கொண்டு சதவீதக் கணக்குப் போடாதீர்கள். என்னென்ன வகையான பயங்கள் இருக்கின்றன என்று சொல்லத்தான் இந்த எண்ணிக்கை, எத்தனை பேருக்கு என்று சொல்ல அல்ல.

பெயர் மறைப்புக்கு வருவோம். ரிவ்யூவருக்கு நீங்கள் யார் என்று தெரியக் கூடாது என்பதுதான் விதி. கட்டுரையை வலுவிழக்கச் செய்யும் அளவுக்கு மறைக்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை. பாக் விரிகுடா இருக்கட்டும், இந்தியா–இலங்கை எல்லை இருக்கட்டும், அவை இல்லாமல் கட்டுரையே இல்லை. பாம்பன், மண்டபம், தொண்டி என்ற பெயர்களை எடுத்துவிடுங்கள். அது உங்களை மறைப்பதற்காக என்பதைவிட, பேட்டி கொடுத்தவர்களை மறைப்பதற்காக. ஆகவே கட்டுரை தேறி உங்கள் பெயர் வெளியே வந்த பிறகும் அந்த ஊர்ப் பெயர்கள் திரும்பி வரக் கூடாது.

உங்கள் முந்தைய கட்டுரையைச் சுட்டும்போது வேறொருவர் எழுதியதைப் போலப் படர்க்கையில் எழுதுங்கள். நன்றியுரை, நிதி எண், கல்லூரிப் பெயர், பிடிஎஃப் கோப்பின் உள்விவரம் எல்லாவற்றையும் பாருங்கள். என் முதல் கட்டுரையில் நன்றியுரையில் துறைத் தலைவர் பெயர் அப்படியே இருந்துவிட்டது. படிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு வருட உழைப்பு அந்த ஒரு வரியில் நின்றுபோனது இன்றும் வலிக்கிறது. மாநாட்டின் லேடெக் வார்ப்புருவில் எழுத்தளவையோ ஓரத்தையோ சுருக்கினாலும் இதே கதிதான். கட்டுரைகளை வாங்கும் ஹாட்சிஆர்பி தளத்தில் பதிவேற்றும்போது, உங்கள் வழிகாட்டியும் அண்மையில் உங்களோடு எழுதியவர்களும் ரிவ்யூவர் பட்டியலில் இருந்தால் மறக்காமல் குறியுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பக் கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

செயலியில் கண்ட குறையைப் பற்றி. உங்கள் சொந்த போனில், சொந்தக் கணக்கில், அது என்ன அனுப்புகிறது என்று பார்த்த வரை சரி. அவர்களுடைய சர்வருக்குள் நுழைந்து பார்க்க ஆசைப்படாதீர்கள். அனுமதியில்லாமல் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43, 66 பிரிவுகளின் கீழ் வரும், மூன்று ஆண்டு வரை சிறையோ ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். செயலியை நடத்துகிறவர்களுக்கு எழுத்தில் தெரிவியுங்கள், பதில் வராவிட்டால் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு எழுதுங்கள். சரிசெய்ய 90 நாள் கொடுப்பது துறையில் பரவலான வழக்கம். அந்தத் தேதிகளைக் கட்டுரையில் குறிப்பிடுங்கள். ரிவ்யூவர்கள் அதைத் தேடிப் பார்ப்பார்கள்.

பணம்: நான் சொன்ன மாநாடுகளில் கட்டுரையை அனுப்பவோ மதிப்பிடவோ ஒரு பைசா கிடையாது. தேறிய பிறகு ஒருவர் பதிவு செய்து பேச வேண்டும், அதற்குக் கட்டணம் உண்டு. மாணவர்களுக்கான உதவித் தொகைக்கு விண்ணப்பியுங்கள். மதிப்பீட்டுக்கு முன்பே பணம் கேட்கிற, ஒரு வாரத்தில் தேறிவிட்டது என்று சொல்கிற, பொறியியலும் மருத்துவமும் மேலாண்மையும் ஒரே மேடையில் நடத்துகிற மாநாடுகளின் மின்னஞ்சல் உங்களுக்கும் வந்திருக்கும். அவற்றை அழித்துவிடுங்கள். 24 பேர் உங்களை நம்பிச் சொன்ன பேச்சு அங்கே போய்ப் புதையக் கூடாது.

நேரக் கணக்கு. பெட்ஸின் கெடுக்கள் மே, ஆகஸ்ட், நவம்பர், பிப்ரவரி மாதக் கடைசி நாட்கள். ஆகஸ்ட் 31-ஐக் குறி வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள், அவசரம் இருக்காது. கூலி மீனவர்களைத் தனியாகச் சந்திக்கவும், அவர்கள் சொன்னதாக நீங்கள் எழுதியிருக்கும் வரிகளை அவர்களுக்கே படித்துக் காட்டவும் அதைவிட நல்ல சமயம் கிடைக்காது. கெடு நேரம் பூமியின் கடைசி மூலையில் நாள் முடியும் கணக்கில் இருக்கும். ஆகஸ்ட் 31 இரவு 11.59 என்றால் நமக்குச் செப்டம்பர் 1 மாலை 5.29. அந்த மாலையை நம்பி உட்காராமல், முதல் நாளே ஒரு பிரதியைப் பதிவேற்றிவிடுங்கள். கெடு வரை மாற்றிக்கொள்ளலாம்.

இதெல்லாம் இருக்கட்டும். அந்த ஆறு ஜிபிஎஸ் கோப்புகள் இப்போது எங்கே இருக்கின்றன? கல்லூரி லேப் கணினியிலோ, கூகுள் டிரைவிலோ, வாட்ஸ்அப்பில் வந்தபடியே போனிலோ கிடந்தால், பூட்டிய ஒரே ஒரு பிரதியாக உங்கள் கையில் எடுத்துக்கொண்டு மற்றவற்றை இன்றைக்கே அழித்துவிடுங்கள்.