இழுவைப் பீரங்கியா, தானே ஓடும் பீரங்கியா? இன்றைய போரில் எது தேவலாம்?

"லாரி கட்டி இழுக்கும் பீரங்கிகளின் காலம் முடிந்துவிட்டதா?" என்பதுதான் கேள்வி. 2022இல் உக்ரைன் போர் முழுவீச்சில் வெடிக்கும் முன் கேட்டிருந்தால் யோசிக்காமல் ‘ஆமாம்’ என்றிருப்பேன். இப்போது அப்படிச் சட்டென்று சொல்ல வாய் வரவில்லை.

சுடுகிற விஷயத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. குழலும் குண்டும் வெடிமருந்தும் ஒன்றாக இருந்தால், இழுத்து வந்ததும் எஞ்சினோடு வந்ததும் ஒரே தூரத்துக்குத்தான் அடிக்கும். வித்தியாசம் தெரிவது, கடைசிக் குண்டு கிளம்பிய பிறகு.

155 மில்லிமீட்டர் குண்டு 20 கிலோமீட்டர் போய் விழக் கிட்டத்தட்ட ஒரு நிமிடம் ஆகும். அது மேலே ஏறும்போதே எதிரியின் ரேடார் அதன் பாதையைப் பிடித்து, பின்னோக்கிக் கணக்குப் போட்டு, எங்கிருந்து கிளம்பியது என்று சொல்லிவிடும். நம் குண்டு தரையைத் தொடும் முன்பே நம் இருப்பிடம் அவர்கள் கையில். அதன்பின் அங்கே நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் ஆபத்துதான்.

இங்கேதான் இழுவைப் பீரங்கி திணறும். அமெரிக்காவின் எம்777ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கால்களை விரித்து, பின்பக்கத் தகடுகளை மண்ணில் பதித்துச் சுடத் தயாராக, பழகிய குழுவுக்கே சுமார் 3 நிமிடம். மறுபடி கிளம்ப 2 நிமிடம். அதுவும் நல்ல தரையில். சேற்று நிலத்தில் ஒவ்வொரு உதைப்புக்கும் தகடு இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கும். அதைப் பிடுங்கி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். குழலைப் பக்கத்துக்குச் சுமார் 23 டிகிரிக்கு மேல் திருப்பவும் முடியாது. அதைத் தாண்டினால் பீரங்கியையே தூக்கித் திருப்பி வைக்க வேண்டும். இத்தனை நேரமும் ஆட்கள் திறந்த வெளியில் நிற்கிறார்கள்.

தானே ஓடும் பீரங்கியான ஸ்வீடனின் ஆர்ச்சரில் ஆட்கள் கவச கேபினை விட்டு இறங்கவே வேண்டியதில்லை. வண்டி நின்று அரை நிமிடத்துக்குள் முதல் குண்டு போய்விடும். பெட்டியில் இருக்கும் 21 குண்டுகளை இயந்திரமே எடுத்துப் போடுகிறது. சுட்டதும் பறந்துவிடலாம். அமெரிக்க ராணுவத்தின் எதிர்காலத் திட்டங்களைக் கவனித்த ஜெனரல் ஜேம்ஸ் ரெய்னி, இழுவைப் பீரங்கி பயன்பட்ட காலம் முடிந்துவிட்டதாகத் தாம் நம்புவதாக 2024இல் வெளிப்படையாகவே சொன்னார்.

சரி, அப்புறம் ஏன் தயங்குகிறேன்? ட்ரோன்தான் காரணம்.

ரேடார், சுட்டவனைத்தான் கண்டுபிடிக்கும். ட்ரோன் நகர்கிறவனையும் கண்டுபிடிக்கும். ஐம்பது டன்னை நெருங்கும் வண்டி வயலில் ஓடினால் தடம் விழுகிறது, புழுதி கிளம்புகிறது, எஞ்சின் சூடு வெப்பக் கேமராவில் பளிச்சென்று தெரிகிறது. மரவரிசைக்குள் குழி தோண்டி, வலை போட்டு மூடிய இழுவைப் பீரங்கிக்கு எஞ்சின் சூடும் இல்லை, உயரமும் இல்லை. ஒரு சின்ன ட்ரோன் வந்து மோதினால்கூட சக்கரமோ குறிபார்க்கும் கருவியோ போகும், மாற்றிக்கொள்ளலாம். தானே ஓடும் பீரங்கியின் வயிற்றில் டீசலும் குண்டும் மருந்தும் சேர்ந்தே இருக்கின்றன. தீப்பிடித்தால் மிச்சம் ஒன்றும் தேறாது.

ஆனால் ஒளித்து வைப்பதென்றால் உண்மையிலேயே ஒளித்து வைக்க வேண்டும். 2020 நாகோர்னோ-கராபாக் போரில் அர்மீனியர்களின் டி-30 இழுவைப் பீரங்கிகள் பல, மேலே மூடாத குழிகளில் இருந்தபடியே அஜர்பைஜான் ட்ரோன்களுக்கு இரையாயின. அந்த வீடியோக்களைப் பார்த்துத்தான் நானும் இழுவைப் பீரங்கிக்கு அன்று முடிவுரை எழுதினேன்.

பழுது இன்னொரு தலைவலி. ஜெர்மனியின் பிஇசட்எச் 2000 தானே ஓடும் பிரமாதமான பீரங்கி, 3 குண்டுகளை 9 விநாடியில் அடிக்கும். அதை 2022இல் உக்ரைனில் இடைவிடாமல் சுட்டதும், சில வாரங்களிலேயே பழுதுக் குறிகள் காட்டத் தொடங்கியது. இழுக்கும் லாரி மக்கர் செய்தால் வேறு லாரியைக் கட்டலாம். தானே ஓடும் பீரங்கியில் எஞ்சின் போனால் பீரங்கியும் பட்டறைக்குத்தான் போகும்.

மலை என்று வந்துவிட்டால் பேச்சே வேறு. எம்777 டைட்டானியம் புண்ணியத்தில் 4.2 டன்தான், சினூக் ஹெலிகாப்டர் அப்படியே தொங்கவிட்டுத் தூக்கிப் போகும். தென்கொரியாவின் கே9 என்ற தானே ஓடும் பீரங்கி 47 டன், அதை எந்த ஹெலிகாப்டரும் தூக்காது. இந்திய ராணுவம் 145 எம்777களையும் வாங்கியது, கே9இன் இந்திய வடிவமான வஜ்ராவையும் வாங்கியது, இரண்டுமே தேவைப்பட்டன. (கார்கிலில் பேர் வாங்கிய போஃபர்ஸ் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இழுவைப் பீரங்கிதான், ஆனால் சொந்தமாக ஒரு சின்ன எஞ்சின் உண்டு, கொஞ்ச தூரம் தானே நகரும்.)

ஒன்றுதான் வாங்கக் காசு இருக்கிறது, நிலமும் சமவெளி என்றால், நான் பிரான்சின் சீசர் போல லாரி மேல் ஏற்றிய பீரங்கியைத்தான் வாங்குவேன். சுமார் 18 டன், சாலையில் விரட்டிக்கொண்டு ஓடலாம், சுட்டுவிட்டு உடனே ஓடிவிடும் வசதியும் உண்டு. கவசம் குறைவு என்பது நிஜமான குறைதான். ஆனால் கிடங்கில் இருக்கும் பழைய இழுவைப் பீரங்கிகளை மட்டும் பழைய இரும்புக்குப் போடமாட்டேன். நிலையாக நிற்கும் போர்முனையில், நல்ல மறைவில், குண்டு தீராத வரை அவை அடித்துக்கொண்டே இருக்கும்.