கண்ணுக்குத் தெரியாத வேலைக்கு யார் சம்பளம் தருவார்கள்?

வணக்கம் ஐயா,

குரோஷிய உதைபந்தாட்ட வீரர் லூகா மொட்ரிச் ஸ்பெயினின் ரியல் மட்ரிட் கழகத்தை விட்டு இத்தாலியின் மிலானுக்குப் போனபோது நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். மத்திய களத்தில் ஆடுகிறவனின் வேலையில் பாதி கண்ணுக்குத் தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். என் மகனுக்கு 15 வயது. பாடசாலை அணியில் அந்த இடத்தில்தான் ஆடுகிறான். ஆள் சின்னன். உடம்பு காணாது என்று பயிற்றுநர் பாதி ஆட்டங்களுக்கு வாங்கில் இருத்திவிடுகிறார். வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர் கேட்பது 'எத்தனை கோல் அடிச்சனி?' என்றுதான். இந்த வருடம் ஒன்றுகூட இல்லை. கண்ணுக்குத் தெரியாத வேலைக்கு யார் ஐயா சம்பளம் தருவார்கள்? கொழும்பில் இருந்துகொண்டு இதை ஒரு தொழிலாக நினைக்கலாமா? போதாததற்கு, சனிக்கிழமைப் பயிற்சியும் கணித வகுப்பும் ஒரே நேரத்தில் வருகின்றன.

ம., கொட்டாஞ்சேனை

அன்புள்ள ம.,

சம்பளத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் உடம்பு.

மொட்ரிச்சையும் அப்படிச் சொல்லித்தான் திருப்பி அனுப்பினார்கள். ஸ்பிளிட் நகரத்து ஹைடுக் கழகத்துக்குப் பொடியன் மெலிவாகத் தெரிந்தான். வளர்ந்த பிறகும் 172 சென்டிமீட்டர்தான். 1991 டிசம்பரில், குரோஷியாவில் நடந்த போரில், அவனுடைய தாத்தாவைச் சுட்டுக் கொன்றார்கள். அவனுக்கு அப்போது ஆறு வயது. ஓடிவந்த குடும்பம் சாடர் நகரத்தில் அகதிகளுக்கு ஒதுக்கிய ஹோட்டல்களில் வருடக்கணக்காக இருந்தது. பந்து பழகியது ஹோட்டலின் வாகனத் தரிப்பிடத்தில். (நம் ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பாய் விரித்துச் சில வாரங்கள் படுத்தவன் நான். தாண்டிப் போகிறேன்.)

18 வயதில் அவனுடைய கழகமான டினமோ ஸாக்ரெப் அவனைப் பொஸ்னியாவின் மொஸ்டார் நகரத்துக்கு, ஸ்ரின்ஸ்கி கழகத்துக்கு இரவலாக அனுப்பியது. முரட்டு ஆட்டம், மோசமான தரை. அங்கே அவன் தாக்குப்பிடித்தது உடம்பு வளர்த்து அல்ல. அடிக்க வருகிறவன் வந்து சேரும்போது பந்து அங்கே இருக்காது, அவ்வளவுதான்.

அதற்குப் பந்து காலுக்கு வரும் முன்னரே எல்லாவற்றையும் பார்த்து வைத்திருக்க வேண்டும். நானும் பள்ளிக்கூடத்தில் அதே இடத்தில்தான் ஆடினேன். பந்து வந்த பிறகுதான் தலையை நிமிர்த்துவேன். அதற்குள் யாராவது ஒருத்தன் என் கணுக்காலில் ஏறி நிற்பான். மூன்று வருடம் ஆடியும் அது எனக்கு வரவில்லை. சில மாதங்களுக்கு முன்னர் றேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஓர் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கடலை விற்றுக்கொண்டிருந்தவர் சுருளை நீட்டியபடியே சொன்னார்: "அந்த எட்டாம் நம்பர் பந்தையே பாக்கிறானில்ல, பின்னுக்குத்தான் பாக்கிறான்." குறையாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு நான் அந்தப் பொடியனை விட்டுக் கண் எடுக்கவில்லை. இடது தோளுக்கு மேலால் ஒரு பார்வை, வலதுக்கு மேலால் ஒன்று, பந்து வருகிறது, ஒரே தட்டு. ஆள் பந்தோடு நின்றது ஒரு விநாடிகூட இராது. கைதட்டல் எல்லாம் பந்தை வாங்கி ஓரமாக ஓடின விங்கருக்கு.

2022 ஏப்ரலில் இங்கிலாந்தின் செல்சியுடனான சம்பியன்ஸ் லீக் (ஐரோப்பியக் கழகங்களின் கிண்ணம்) இரண்டாவது ஆட்டத்தை மகனுக்குப் போட்டுக் காட்டுங்கள். மட்ரிட் 3-0 என்று பின்னால் நிற்கிறது. இரண்டு ஆட்டங்களின் கோல்களையும் கூட்டித்தான் வெற்றி, முதல் ஆட்டத்தில் எடுத்த முன்னிலையும் போய்விட்டது. 80ஆவது நிமிடத்தில் இடப்பக்கமாக நின்ற மொட்ரிச், வலது காலின் வெளிப்புறத்தால் ஒன்று அனுப்புகிறார். பந்து பின்கள வீரர்களுக்கு மேலால் வளைந்து போய் மறுபக்கத்தில் ஓடிவரும் ரொட்ரிகோவின் காலடியில் இறங்குகிறது. மேலதிக நேரத்தில் மட்ரிட் தப்பிவிட்டது. அப்போது அவருக்கு 36 வயது. கோல் கணக்கில் பெயர் ரொட்ரிகோவுடையது. அதே லீக்கின் 2014 இறுதியாட்டத்தில் மட்ரிட்டின் ரமோஸ் கடைசி நேரத்தில் தலையால் முட்டிய கோலும் அப்படித்தான். கோர்னர் அடித்தது யார் என்று உங்கள் சொந்தக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.

சரி, சம்பளம். இந்த வேலை காசு கொடுத்துப் பார்க்கிறவர்களுக்கே தெரியாமல் போவதுண்டு. 2012இல் மட்ரிட் வந்த சில மாதங்களிலேயே, ஸ்பெயினின் மார்க்கா விளையாட்டுப் பத்திரிகையின் வாக்கெடுப்பில் அந்தப் பருவத்தின் மோசமான கொள்முதல் அவர்தான். அப்புறம் அதே கழகத்தோடு ஆறு சம்பியன்ஸ் லீக் கிண்ணங்கள். 2018 உலகக் கிண்ணத்தில் ஏழு ஆட்டங்களில் அவர் அடித்தது இரண்டே கோல், அதில் ஒன்று பெனால்டி. தொடரின் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான் போனது. உலகின் சிறந்த வீரருக்கான அந்த வருட பலோன் டி ஓர் விருதும் அவருக்கே. முந்திய பத்து வருடமும் மெஸ்ஸியும் ரொனால்டோவும் தவிர வேறு யாரும் அதைத் தொட்டதில்லை.

ஆனால் அது மட்ரிட். கொழும்பில் ரினோன், சோண்டர்ஸ், ஜாவா லேன் என்று பெயர்பெற்ற கழகங்கள் இருக்கின்றன. அங்கே ஆடுவது மரியாதை, ஆனால் அதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது கஷ்டம். இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் அணிகளில் ஆடினால் மாதச் சம்பளம் வரும். ஆனால் அது உத்தியோகத்துக்கான சம்பளம், பந்து அதோடு ஒட்டிக்கொண்டு வருவது. சிலர் மாலைதீவுக் கழகங்களுக்குப் போய் ஆடுகிறார்கள். 1995இல் இதே கொழும்பில் இந்தியாவை வென்று தெற்காசியக் கிண்ணம் எடுத்த நாடு இது. 2023 ஜனவரியில் உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பிஃபா நம் நாட்டுக்குத் தடை போட்டு, ஓகஸ்டில்தான் எடுத்தது. ஏழு மாதம். ஆடுகிறவனுக்கு நல்ல வருடங்கள் பத்துப் பன்னிரண்டுதான். அதில் இந்த ஏழு மாதத்தை நிர்வாகக் கதிரையில் இருந்தவர்கள் யாரும் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை.

ஆகவே இதை மட்டும் நம்பிப் படிப்பை விடச் சொல்ல மாட்டேன். விளையாட்டை விடவும் சொல்ல மாட்டேன். விங்கருக்குக் கால் ஓயும்போது எல்லாம் ஓயும். மத்திய களத்தவன் மெல்லத்தான் பழுப்பான். பலோன் டி ஓர் எடுக்கும்போது மொட்ரிச்சுக்கு 33 வயது, மிலானுக்குப் போகும்போது 39. 15 வயதில் ஒருவனின் உயரத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிற பயிற்றுநருக்கு அவசரம் கூடிப்போய்விட்டது.

கணித வகுப்பு ஞாயிற்றுக்கிழமையும் இருக்கிறதா என்று விசாரியுங்கள். கொட்டாஞ்சேனையில் ரியூஷனுக்கா பஞ்சம்? அப்புறம், அடுத்த ஆட்டத்துக்கு நீங்களே போய் ஓரமாக நில்லுங்கள். பந்தை விட்டுவிடுங்கள், மகனை மட்டும் பாருங்கள். பந்து அவனிடம் வரும் முன்னர் எத்தனை தரம் தோளுக்கு மேலால் திரும்பிப் பார்க்கிறான் என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். சொந்தக்காரர் கேட்டால் அந்தக் கணக்கையே சொல்லலாம்.