கேள்வி – பதில்: ஒன்பதாவது இன்னிங்ஸில் வருபவர்

கேள்வி: அமெரிக்க பேஸ்பாலில் ஆட்டம் முடியும் தறுவாயில் வந்து, பதினைந்து இருபது பந்துகள் மட்டும் வீசும் ரிலீஃப் பிட்சருக்கு (மாற்றாக வரும் பந்துவீச்சாளர்) கோடிக்கணக்கில் சம்பளம் தருகிறார்களே! அவரும் நம் கிரிக்கெட்டில் கடைசி ஓவர் வீசுபவரும் ஒன்றுதானா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: பொறுப்பு ஏறத்தாழ ஒன்று, வேலை வேறு. கிரிக்கெட்டில் கடைசி ஓவர் வீசுபவர், பெரும்பாலும் அதற்கு முன்பே ஓரிரு ஓவர்கள் வீசி ஆடுகளத்தின் போக்கை அறிந்திருப்பார். ரிலீஃப் பிட்சரோ ‘புல்பென்’ எனப்படும் தனி இடத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்து, தொலைபேசியில் அழைப்பு வந்ததும் எழுந்து, சில பந்துகளை வீசித் தோளைப் பதப்படுத்திக்கொண்டு, ஆட்டம் கத்திமுனையில் நிற்கும்போது களமிறங்குகிறார். ஒருமுறை மாற்றப்பட்டவர் அதே ஆட்டத்தில் மீண்டும் இறங்க விதி இடம் தராது. ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சருக்கு நான்கைந்து நாள் ஓய்வு உண்டு. இவரை அடுத்தடுத்த நாள்களிலும் கூப்பிடுவார்கள். பேஸ்பாலில் இரு அணிகளும் ஒருமுறை மட்டையாடி முடிப்பது ஓர் இன்னிங்ஸ்; ஆட்டத்துக்கு ஒன்பது. மூன்று ரன்னுக்கு மிகாத முன்னிலையைக் கடைசி இன்னிங்ஸ் முழுவதும் வீசிக் காத்துக்கொடுத்தால், அவர் கணக்கில் ஒரு ‘சேவ்’ ஏறும்.

கேள்வி: இதற்கென்றே சிறுவயதிலிருந்து பயிற்சி பெறுகிறார்களா? (மதுரை வாசகி)

பதில்: பெரும்பாலும் இல்லை. தொடக்க பிட்சராக நிலைக்காதவர்களே இந்த வேலைக்கு வந்துசேர்கிறார்கள். இத்துறையின் தலைசிறந்தவரான மரியானோ ரிவேராவின் கதையும் அப்படித்தான். பனாமாவின் புவர்ட்டோ கைமிட்டோ என்ற மீனவக் கிராமத்தில் வளர்ந்து, தந்தையின் படகில் வேலை பார்த்த அவரை, நியூயார்க் யாங்கீஸ் அணி 1990-இல் மூவாயிரம் டாலருக்கும் குறைந்த தொகைக்கு ஒப்பந்தம் செய்தது. 1995-இல் பத்து ஆட்டங்களைத் தொடங்கிவைத்தும் அவர் சோபிக்கவில்லை. மறு ஆண்டு புல்பென்னுக்கு மாற்றப்பட்டு, 107 இன்னிங்ஸுக்கு மேல் வீசி 130 பேரை ‘ஸ்ட்ரைக் அவுட்’ (மூன்று ஸ்ட்ரைக்குகளில் ஆட்டமிழக்கச் செய்வது) செய்தார். அவரது ஆகச்சிறந்த ஆண்டு அதுதான் என்பது என் கருத்து. ஆனால் கடைசி இன்னிங்ஸ் வேறொருவர் வசம் இருந்ததால், அவ்வாண்டு இவர் கணக்கில் ஏறிய சேவ்கள் ஐந்தே ஐந்து. சேவ் கணக்கை மட்டும் பார்த்துப் பிட்சரை எடைபோடுவது எவ்வளவு கோணலானது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

1997-இல் ‘குளோசர்’, அதாவது கடைசி இன்னிங்ஸ் வீசி ஆட்டத்தை முடித்துவைப்பவர், ஆனார். அவ்வாண்டு கோடையில் சக பனாமியரான ராமிரோ மெண்டோசாவுடன் சாதாரணமாகப் பந்தை எறிந்து பிடித்துக்கொண்டிருந்தபோது, நேராகப் போகவேண்டிய பந்து கடைசி நொடியில் பக்கவாட்டில் விலகத் தொடங்கியது. அதைத் திருத்த முயன்றும் முடியாமல், அப்படியே வைத்துக்கொண்டார். ‘கட்டர்’ எனப்படும் அந்தப் பந்து, இடக்கை ஆட்டக்காரரின் கைகளை நோக்கித் திரும்பி, மட்டையை அதன் மெல்லிய கைப்பிடிப் பகுதியில் தாக்கி முறித்துவிடும். இதுதான் வரும் என்று தெரிந்தும் ஆட்டக்காரர்கள் திணறினார்கள்.

கேள்வி: அவர் தோற்றதே இல்லையா? எவ்வளவு காலம் ஆடினார்? (ஈரோடு வாசகர்)

பதில்: தோற்றார், அதுவும் உலகமே பார்த்துக்கொண்டிருந்தபோது. 2001 உலகத் தொடரின் (பருவ இறுதியில் நடக்கும் கோப்பைப் போட்டி) ஏழாவது ஆட்டத்தில், 2–1 என்ற முன்னிலையுடன் எட்டாவது இன்னிங்ஸிலேயே வந்தவர், கடைசி இன்னிங்ஸில் பிடித்த பந்தைத் தாமே தவறாக எறிந்து எதிராளிக்கு வழிவிட்டார். இறுதியில் அரிசோனாவின் லூயிஸ் கோன்சாலஸ் கட்டரை அரைகுறையாகத்தான் தட்டினார். ஆனால், முன்னேறி நின்ற தடுப்பாளர்களின் தலைக்கு மேலே போய் அது விழுந்ததும் கோப்பை கைநழுவியது. பந்து சரியாகத்தான் வீசப்பட்டது என்பதே வேடிக்கை. இப்படியொரு இரவுக்குப் பிறகும் மறு ஆண்டு அதே நிமிடத்தில் அதே பந்தை வீசத் துணியாதவர் இந்தத் தொழிலில் நிலைக்க முடியாது.

ரிவேரா 19 பருவங்கள் ஆடினார். 2012 மே மாதம், 42 வயதில், பயிற்சியின்போது முழங்கால் தசைநார் கிழிந்தது. பலர் கதை முடிந்ததென்றே எண்ணினார்கள். அவரோ மறு ஆண்டு திரும்பிவந்து 44 சேவ்கள் எடுத்து, மொத்தம் 652 என்ற சாதனையுடன் விடைபெற்றார். 2019-இல் பேஸ்பாலின் தலைசிறந்தவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேம் தேர்வில் வாக்களித்த 425 பேரும் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்குமுன் எவருக்கும் அப்படி ஒருமனதாக வாக்கு விழுந்ததில்லை. கடைசிப் பருவத்தில் எதிரணிகள் ஊர் ஊராகப் பரிசளித்தன. அவற்றுள் மினசோட்டா ட்வின்ஸ் அணி தந்தது ஓர் ஆடும் நாற்காலி. முறிந்த மட்டைகளைக் கொண்டே அதைச் செய்திருந்தார்கள்.