மோட்டார் நன்றாக இருந்தால் பழைய ஆட்டோபைலட்டைக் கழற்ற வேண்டாம்

கேள்வி: சவுதாம்ப்டன் பக்கம் ஒரு மரினாவில் என் 9 மீட்டர் பாய்மரப் படகு நிற்கிறது. அதில் 90களின் கடைசியில் பொருத்திய ஆட்டோஹெல்ம் எஸ்டி4000 பிளஸ் ஆட்டோபைலட் (சக்கரத்தைத் தானாகத் திருப்பிப் படகை ஓட்டும் கருவி) இருக்கிறது. தனியாக ஓட்டினால் நன்றாகவே வேலை செய்கிறது. புதிதாக வாங்கிய சார்ட்பிளாட்டரில் (கடல் வரைபடம் காட்டும் திரை) என்எம்இஏ 2000 இணைப்பு, அதாவது படகுக் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் புதிய முறை, மட்டும்தான் உண்டு. பிளாட்டரில் போடும் பாதையை பைலட் பின்பற்றினால் போதும். இரண்டையும் இணைக்க முடியுமா, புது பைலட்தான் வாங்க வேண்டுமா?

பதில்: தாராளமாக இணைக்கலாம். உங்கள் பைலட் பக்கத்து ஊரான போர்ட்ஸ்மவுத்தில் பிறந்த வம்சம். சக்கரத்தைத் திருப்பும் மோட்டாரும் பெல்ட்டும் நன்றாக இருக்கும்போது, பேசும் மொழி பழசாகிவிட்டது என்பதற்காக அதைக் கழற்றி எறிய எனக்கு மனசு வராது.

உங்கள் பைலட்டுக்கு இரண்டு மொழிகள் தெரியும். ஒன்று ஆட்டோஹெல்மின் சொந்த மொழியான சீடாக்: சிவப்பு வயரில் 12 வோல்ட், மஞ்சளில் தகவல், மூன்றாவது கிரவுண்ட். மற்றது என்எம்இஏ 0183, படகுக் கருவிகளின் பழைய பொது மொழி. இதற்கு பைலட்டின் பின்பக்கம் பிளஸ், மைனஸ் என்று இரண்டு முனைகள் இருக்கும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பிளாட்டர் பேசுவது இரண்டும் இல்லை. என்எம்இஏ 2000 வினாடிக்கு 250 கிலோபிட் ஓடுகிறது. பழையது 4800 பிட்தான். நேரடியாக வயரை இணைத்தால் ஒன்றுக்கு மற்றது புரியாது. அதிலும் சீடாக்கின் மஞ்சள் வயரை பிளாட்டரின் எந்த முனையிலும் தொட வைக்காதீர்கள். சும்மா இருக்கும்போதே அதில் 12 வோல்ட் நிற்கும்.

முதலில் பிளாட்டரின் கையேட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். சில பிளாட்டர்களில் 0183க்கான வயர்கள் பவர் கேபிளுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். பலரும் அவற்றை வேண்டாத வயர் என்று நினைத்து டேப் சுற்றி விட்டுவிடுகிறார்கள். இருந்தால் காசு மிச்சம். இல்லையென்றால் 2000-லிருந்து 0183க்கு மொழிபெயர்க்கும் கேட்வே ஒன்று வேண்டும். ஆக்டிசென்ஸ் என்ஜிடபிள்யூ-1 போன்றது. சீடாக் வழியாக இணைக்கும் கன்வெர்ட்டரும் கிடைக்கிறது. ஆனால் உங்களுக்கு வேண்டியது பாதையைப் பின்பற்றும் வசதி மட்டும்தான் என்பதால் 0183 வழியையே சொல்வேன். ஒருவழிப் பேச்சு, தப்பு நடந்தால் எங்கே என்று தேடுவது சுலபம்.

கேட்வேயை மாட்டும் பேக்போன் கேபிளின் (என்எம்இஏ 2000 கருவிகள் எல்லாம் சேரும் முதன்மைக் கேபிள்) இரண்டு முனையிலும் டெர்மினேட்டர் என்ற 120 ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டும். பவரை அணைத்துவிட்டு இரண்டு தகவல் வயர்களுக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்தால் சுமார் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு டெர்மினேட்டர் இல்லை என்று அர்த்தம்.

அப்புறம் தகவல் போகும் வேகம். கேட்வே 4800-இல்தான் அனுப்ப வேண்டும். ஒரு படகில் நான் அரை நாள் வயரையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் கேட்வே 38400-இல் பேசிக்கொண்டிருந்தது. வேகம் சரியாக இருந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. 4800 என்றால் வினாடிக்கு 480 எழுத்து. ஒரு 0183 வாக்கியம், அதாவது ஒரு தடவை அனுப்பும் தகவல் வரி, 82 எழுத்து வரை போகலாம். அப்படியானால் முழு நீள வாக்கியம் வினாடிக்கு ஆறு கூடப் போகாது. கேட்வே காற்று, ஆழம், ஏஐஎஸ் (சுற்றியுள்ள கப்பல்களின் விவரம்) என்று எல்லாவற்றையும் கொட்டினால் பைலட்டுக்கு வேண்டிய வாக்கியம் விட்டு விட்டு வரும். பாதையைச் சொல்லும் ஏபிபி, ஆர்எம்பி, எக்ஸ்டிஇ என்ற வாக்கியங்களை மட்டும் வைத்துவிட்டு மற்றதை அணைத்துவிடுங்கள்.

வயர் முடிச்சு இப்படி: கேட்வேயின் வெளியீட்டில் ஏ பைலட்டின் பிளஸுக்கு, பி மைனஸுக்கு. பிளாட்டரிலிருந்தே 0183 எடுக்கிறீர்கள், அதில் அனுப்பும் வயர் ஒன்றுதான் என்றால், அந்த வயர் பிளஸுக்கும் பிளாட்டரின் கிரவுண்ட் மைனஸுக்கும் போகட்டும். ஒன்றும் வரவில்லையென்றால் முதலில் இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

ஏபிபி வாக்கியத்தில் ஒவ்வொரு திசை எண்ணுக்குப் பின்னாலும் எம் அல்லது டி என்ற ஓர் எழுத்து வரும். எம் என்றால் காந்த வடக்கு, டி என்றால் உண்மை வடக்கு. உங்கள் பைலட்டின் திசைகாட்டி காந்தத்தை நம்பி ஓடுவது. பிளாட்டரையும் காந்தத் திசைக்கு மாற்றிவிடுங்கள். சவுதாம்ப்டனில் இதைத் தப்பாக வைத்தாலும் தெரியாது. 2019-இல் கிரீனிச்சில் இரண்டு வடக்கும் ஒன்றாகவே வந்து நின்றன, உங்கள் பகுதியில் இன்றும் வித்தியாசம் மிகக் குறைவு. அட்லாண்டிக் தாண்டி கரீபியன் பக்கம் போனால் அது 10 டிகிரிக்கு மேல். அங்கே போய்க் கண்டுபிடிக்க வேண்டாம்.

புது பிளாட்டரை எங்கே பொருத்தினீர்கள் என்பதையும் பாருங்கள். கேபின் சுவருக்கு அந்தப் பக்கம் பைலட்டின் திசைகாட்டி இருந்தால், பிளாட்டரின் காந்தத்தால் அது ஏமாந்துபோகும். எப்படியும் அமைதியான தண்ணீரில், 2 நாட் (மணிக்கு 2 கடல் மைல்) வேகத்துக்கும் கீழே, ஒரு சுற்றுக்கு 2 நிமிடமாவது எடுத்து மெதுவாக வட்டமடித்து அதைச் சரிசெய்துவிடுங்கள். விலகல் 15 டிகிரிக்கு மேல் காட்டினால் திசைகாட்டியை இடம் மாற்ற வேண்டியதுதான்.

சோதனையைக் கட்டிய படகிலேயே தொடங்குங்கள். பிளாட்டரில் ஒரு புள்ளியைக் குறித்து அங்கே போகச் சொல்லுங்கள். பைலட்டில் ஆட்டோ அழுத்தி, பிறகு டிராக் அழுத்துங்கள். 'நோ டேட்டா' என்று வந்தால் தகவல் போய்ச் சேரவில்லை. வராவிட்டால், கப்பல் நடமாட்டம் இல்லாத திறந்த நீரில் ஒரு கை பைலட்டை நிறுத்தும் ஸ்டாண்ட்பை பொத்தானிலேயே இருக்க, ஓட்டிப் பாருங்கள். புள்ளியை எட்டியதும் பைலட் தானாகத் திரும்பாது. சத்தம் கொடுத்துக் காத்திருக்கும். சுற்றிலும் பார்த்துவிட்டு நீங்கள் மறுபடி டிராக் அழுத்தினால்தான் அடுத்த புள்ளிக்குத் திரும்பும். அதைப் பழுது என்று நினைக்காதீர்கள். பக்கத்தில் வேறு படகு இருக்கிறதா என்று அந்தப் பைலட்டுக்குத் தெரியாது, அதனால்தான் உங்களைக் கேட்கிறது.