அண்டி ஆபீஸ் கூலியும் பொருளியல் படிப்பும்

அக்கா, சனிக்கிழமை மார்த்தாண்டத்தில் பாதிப் பதில்தான் சொன்னேன். "பத்துல நல்ல மார்க்கு. ஆளுவ எல்லாம் நர்சிங்குக்கு விடச் சொல்லுதாவ. இவ எகனாமிக்ஸ்தான் வேணுங்கா. பேங்க் வேலையாவது கிடைக்குமா?" என்று கேட்டீர்கள். பேங்க் பரீட்சைக்கு ஏதாவது ஒரு டிகிரி போதும். அதற்காக எகனாமிக்ஸ் படிக்க வேண்டாம்.

நீங்கள் டீ வாங்கப் போன நேரம் மகள் என்னிடம் கேட்டது வேறு, முந்திரி ஆலைக் கூலியைப் பற்றி. "அண்டி ஆபீஸ்ல கூலி கூட்டிக் கேட்டா பூட்டிட்டுப் போயிருவேன்னு அம்மைகிட்ட சொல்லுதாவளே, நெசமா?"

பெரிய பேராசிரியர்கள் வருடக்கணக்காகச் சண்டை போட்ட கேள்வி அது. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம் 1992 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்து பென்சில்வேனியா உயர்த்தவில்லை. டேவிட் கார்டு, ஆலன் குரூகர் என்ற இரண்டு பொருளியல் பேராசிரியர்கள் எல்லைக்கு இரண்டு பக்கமும் 410 பர்கர் கடைகளில், உயர்வுக்கு முன்னும் பின்னும் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்று எண்ணினார்கள். நியூஜெர்சியில் ஆள் குறைந்ததாகத் தெரியவில்லை. மறுத்து எழுதியவர்களும் உண்டு. கார்டுக்கு 2021இல் பொருளியல் நோபல் கிடைத்தது. குரூகர் அதற்கு முன்பே இறந்துவிட்டார்.

களியக்காவிளை எல்லைக்கு அப்பால், கேரளத்தில், கூலி கூடுதல் என்று தெரிந்து வளர்ந்த பிள்ளை, சட்டென்று பிடித்துக்கொண்டாள். "பர்கர் கடைக்காரன் எங்கயும் போவ முடியாது. அண்டி ஆபீஸ் போவுமே?" என்றாள். கேரளக் கூலிக்குப் பயந்து கொல்லத்து முதலாளிகள் இந்தப் பக்கம் ஆபீஸ் திறந்த கதை வீட்டில் கேட்டிருப்பாள். எனக்குப் பதில் வரவில்லை. இப்படிக் கேட்கிற பிள்ளையை வேறு பக்கம் திருப்ப எனக்கு மனசில்லை.

ஆனால் இந்தப் படிப்பின் முதுகெலும்பு கணக்கு. ஏற்றத்தாழ்வு ஆய்வையே பாருங்கள்: இந்தியாவில் பணக்காரர் பங்கு எவ்வளவு என்று சான்செல், பிக்கெட்டி என்ற பிரெஞ்சுப் பொருளியலாளர்கள் 1922 முதலான வருமானவரிப் புள்ளிவிவரத்தைத் தோண்டித்தான் கணக்கிட்டார்கள். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் முதுகலை நுழைவுத்தேர்வில் ஒரு தாள் முழுக்கக் கணக்கு. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஆனர்ஸ் பொருளியலுக்கும் கணக்குத் தேர்வு கட்டாயம். கணக்கே இல்லாத குரூப்பில் பொருளியல் எடுத்துவிட்டு, பி.ஏ. முடித்தபின் திணறிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். என்னைக் கேட்டால் முதல் குரூப்பில் போடுங்கள்; பொருளியலை பி.ஏ.வில் தொடங்கினாலும் தாமதமில்லை. அவள் பிடிவாதம் பிடித்தால் வணிகக் கணிதம் உள்ள குரூப்.

ஆராய்ச்சிதான் என்றால் பிளஸ் ஒன்னிலிருந்து பன்னிரண்டு வருடமாவது ஆகும், மறைக்கவில்லை. நெட் என்ற தகுதித் தேர்வில், ஆராய்ச்சி மாணவருக்கான ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. அது எல்லோருக்கும் கிடைப்பதில்லை. எம்.ஏ.வோடு இறங்கினாலும் வழி இருக்கிறது: யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு, ரிசர்வ் வங்கியின் ஆய்வுப் பிரிவு.

தூரமாக அனுப்பப் பயமென்றால் திருவனந்தபுரத்தில் உள்ளூர் என்ற இடத்தில் வளர்ச்சி ஆய்வு மையம் இருக்கிறது. பொருளியலாளர் கே.என். ராஜ் தொடங்கியது, கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய செங்கல் கட்டடம். கல்ஃபுக்குப் போனவர்களின் கணக்கை 1998 முதல் வீடுவீடாக எடுத்தது அவர்கள்தான். ஒரு நாள் பஸ் ஏறிக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

அட்மிஷனுக்குப் போகும்போது வணிகக் கணிதத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் கையெழுத்துப் போடுமுன் எனக்கு ஒரு போன் போடுங்கள்.